சம்கி என்றால் மகாராணியா?

பனி மூடிய தாமரைக்குளத்தில் ஒரு நீர்க்கோழி இருந்தது. கோரைப்புல் நடுவே அதன் கூடு. கூட்டில் நான்கைந்து முட்டைகள். நீர்க்கோழியின் கறுப்பு முதுகு புல்லின் நிழலோடு கலந்துவிடும். அதனால் கூடு இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் கூத்தாடிகள் குளத்தில் உடைகளை அலசிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் நீர்க்கோழி கரைக்கு வந்தது. ஈர மண்ணெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள்! பனிக்குள் அவை மெல்ல மினுங்கின. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மைனா அக்கா, இதெல்லாம் என்ன?" என்று கரையில் இரை தேடிக்கொண்டிருந்த மைனாவிடம் கேட்டது.

"சம்கி! உடையில் வைத்துத் தைப்பார்கள். சந்தையில் பார்த்திருக்கிறேன்."

"சம்கி... சம்கி... சொல்லவே இனிக்கிறதே! அப்படியென்றால் என்ன அர்த்தம்?"

"வடக்கேயிருந்து வந்த சொல். மின்னுவது என்று அர்த்தம்."

"அவ்வளவுதானா?" நீர்க்கோழியின் முகம் வாடிப்போனது.

மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கி வந்தது. நீர்க்கோழியின் முட்டைகளைத் தேடித் தேடி அலுத்துப்போன காக்கை அது.

"மைனாவுக்கு என்ன தெரியும், தங்கச்சி! சம்கி என்றால் மகாராணி! உனக்கென்றே வந்த பேர்!"

மகாராணி! நீர்க்கோழி விளாம்பிசினைத் தொட்டுத் தொட்டு, முதுகெல்லாம் சம்கியை ஒட்டிக்கொண்டது. மிதந்துபோய்க் கூட்டில் அமர்ந்தது. கண்ணை மூடினால், குளத்துத் தாமரையெல்லாம் தன்னைக் கும்பிடுவதுபோல் இருந்தது.

பனி விலகியது. வெயில் விழுந்தது. கோரைக்குள் பளீரென்று ஓர் ஒளி!

"அதோ!" என்று கத்தியபடி காக்கை பறந்து வந்தது.

நீர்க்கோழிக்கு மைனா சொன்ன அர்த்தம் இப்போதுதான் உறைத்தது.

'மின்னுவதைப் பார்த்துத்தானே வருகிறது! அப்படியானால் மின்னுவது இங்கே இருக்கக் கூடாது!'

அது புல்லுக்குள் புகுந்து ஓடி, தொலைவில் வெளிப்பட்டு, நடுக்குளத்துக்கு நீந்தியது. ஒளியைத் துரத்திக்கொண்டு காக்கையும் போனது. ஆழம் வந்ததும் நீர்க்கோழி முங்கியது. பிசின் கரைந்தது. சம்கிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, மீன்களுக்கிடையே சுழன்று சுழன்று அடியில் போய்ச் சேர்ந்தன.

"மகாராணி! எங்கே போனாய்?" காக்கை தண்ணீருக்கு மேலே வட்டமிட்டது. திரும்பிப் பார்த்தால், கரை முழுக்க ஒரே மாதிரிக் கோரைப்புல்! ஒளி வந்த இடம் எதுவென்று அதற்குத் தெரியவில்லை.

நனைந்த கறுப்புப் பறவை ஒன்று சத்தமில்லாமல் புல்லுக்குள் நுழைந்து, முட்டைகளின் மேல் படுத்துக்கொண்டது.

காதுக்கு இனிக்கும் அர்த்தத்தை யார் சொன்னாலும், ஒரு சொல்லின் உண்மையான அர்த்தத்தை நாம் கைவிடக் கூடாது.