சுவரை இடித்து வந்த பியானோ

அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கதையை இரண்டு தடவை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி ஓர் அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். சுவர் எழும்பிய காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கிறிஸ்துமஸ் குடிலைக் கூடத்தின் கிழக்கே வைப்பதா, மேற்கே வைப்பதா என்று வந்த சண்டை. குழந்தை இயேசு பிறந்ததென்னவோ மாட்டுத் தொழுவத்தில். அவருக்குத் திசை பார்த்தவர்கள் இவர்கள். கூடம் இரண்டாகிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடில், அந்தப் பக்கம் ஒரு குடில் என்று ஆயிற்று. முன்வாசல் அண்ணன் பங்குக்குப் போனது. தம்பி குடும்பம் பக்கத்துச் சந்து வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து வீட்டுக்குள் போகும்.

அண்ணன் மனைவி எமல்டா. அவளுக்குக் கான்வென்டில் படித்த நாளிலிருந்தே சொந்தமாக ஒரு கிராண்ட் பியானோ வேண்டும். வாசிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. நகை வேண்டும் என்பவளிடம் தட்டார் வேலை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லையே.

குன்னூரில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள், அங்கே ஜெர்மனியில் கைவேலையாகச் செய்த பியானோ இருக்கிறது என்று தகவல் வந்ததும், தாய்வீட்டில் கொடுத்த மனையை எமல்டா விற்றாள். புருஷனிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னாள். ஆனால் நல்ல பியானோவா, வெறும் மரப்பெட்டியா என்று பார்க்கத் தெரிந்தவள் அவளுடைய நாத்தனார் ஃப்ளாவியா ஒருத்திதான். கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். அவளும் சும்மா கிளம்பவில்லை. சாயங்கால வகுப்பெல்லாம் இனிமேல் இந்தப் பியானோவில்தான், அண்ணி குறுக்கே வரக் கூடாது என்று பேசி முடித்துக்கொண்டுதான் மலை ஏறினாள்.

ஃப்ளாவியா அங்கிருந்து போனில், வாங்கலாம் என்றாள். கூடவே நீள அகலத்தையும் சொன்னாள். எமல்டா பாதிக் கூடத்தை அளந்து பார்த்தாள். பியானோ நுழையும்; மூடியைத் தூக்கி நிறுத்தினால் சுவரில் இடிக்கும். மூடி திறக்காத கிராண்ட் பியானோ என்பது விரிப்புப் போட்ட மேசை. அதற்கா மனையை விற்றாள்?

அன்றைக்குத்தான் எமல்டா முதன்முதலாகச் சந்து வழியாகத் தன் ஓரகத்தி ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். ஜெசிந்தா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இடிச்சுக்குங்கக்கா. ஆனா இனிமே நானும் முன்வாசல் வழியாத்தான் வருவேன், போவேன். திருட்டுப்பூனை மாதிரி சந்துக்குள்ள நுழைஞ்சது போதும்."

எமல்டா சரியென்றாள். சுவர் விழுந்தது. தலையில் வெள்ளைத் தூசியோடு அண்ணனும் தம்பியும் அருகருகே நின்று, கொத்தனாரிடம் மட்டும் பேசினார்கள்.

பியானோ வந்த காலையில் தெருவே வாசலில் நின்றது. கால்களைக் கழற்றி, கம்பளி சுற்றி, ஒருக்களித்துப் படுத்தபடி வந்திறங்கியது. கால்களை மாட்டி நிமிர்த்தி, மூடியைத் தூக்கினார்கள். உள்ளே பொன்னிறச் சட்டம். அதன் மேல் நெசவுக்கு ஏற்றிய பாவு போலக் கம்பிகள். வளைந்த பக்கவாட்டு மரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவினாலும் ஓர் இணைப்புக் கிடைக்காது. வகுப்புகளை எல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு ஃப்ளாவியா அதன் முன்னால் குனிந்தவள், சுதி சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

ஸ்கூட்டர் வாங்கினாலும் ஃபாதரை அழைத்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகே தொடுகிற குடும்பம் அது. பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். உரியவர் பெயரைச் சொல்லித்தானே மந்திரிக்க வேண்டும்? யாருடைய பியானோ என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஃப்ளாவியா முந்திக்கொண்டாள். "என் பேரைச் சொல்லுங்க ஃபாதர். குளிர்ல கிடந்த பெட்டியைப் பியானோ ஆக்கினது நான். இதுல வாசிக்கப்போறதும் நான்தான்."

ஜெசிந்தா விடவில்லை. "பாதி நிக்கிறது எங்க பக்கம். மனையை இன்னொண்ணு வாங்கிக்கலாம், சுதியை இன்னொரு தடவை சேர்த்துக்கலாம். இடிச்ச சுவர் வருமா ஃபாதர்? ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாத எங்கக்காவுக்கு எதுக்குப் பேரு?"

எல்லோரும் எமல்டாவைப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு வேணும்னு இருந்துச்சு. வாங்கினேன்."

ஃபாதர் செம்பைப் பிடித்தபடி நிற்கிறார். ஒருத்தி மனையைக் கொடுத்தாள், ஒருத்தி வித்தையைக் கொடுத்தாள், ஒருத்தி சுவரைக் கொடுத்தாள். சொல்லுங்கள்: யார் பெயரைச் சொல்லி மந்திரிப்பது நியாயம்?

விடை: எமல்டாவின் பெயரை. ஜெசிந்தாவின் பேச்சைக் கேட்டு உருகியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அவள் சுவரைத் தானம் செய்யவில்லை, முன்வாசலுக்கு விற்றாள். ஃப்ளாவியா தன் வித்தையைச் சாயங்கால வகுப்புகளுக்கு விற்றாள். விலையை வாங்கிக்கொண்டவர்கள் பொருளையும் கேட்டால் அதற்குப் பெயர் நியாயமில்லை. மனைக்குப் பதிலாக எமல்டா கையில் இருப்பது பியானோ மட்டும்தான். வாசிக்கத் தெரிவது வேறு, சொந்தம் வேறு. ஃபாதருக்கும் கடைசியில் இது விளங்கியது. அவள் பெயரை உரக்கச் சொல்லித் தரையில் தீர்த்தம் தெளித்தார், மரத்தின் மேல் ஒரு சொட்டு விழவும் ஃப்ளாவியா விடவில்லை. அப்புறம் ஃப்ளாவியா உட்கார்ந்து வாசித்தாள் பாருங்கள், கடைசி வீடு வரைக்கும் ஜன்னல்கள் திறந்தன. அன்றைக்கு வெட்டிய கேக்கைத் தின்ற பிசுக்குக் கையோடு ஜெசிந்தா மெல்லப் பியானோ பக்கம் விரலை நீட்டினாள். எமல்டா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"கையைக் கழுவிட்டு வந்து தொடு."