பினாங்குக்குப் போன எக்காளம்

நாகப்பட்டினத்துக் கப்பல்கள் பாய் விரித்துப் பினாங்குக்குப் போய்வந்த காலம் அது. பித்தளையில் எக்காளம் செய்ய வைத்திலிங்க ஆசாரியை விட்டால் அந்தக் கரையில் ஆள் கிடையாது. அவருடைய சீடர் பொன்னுரங்கம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஐம்பதைத் தாண்டித் தொழில் பழக வந்தவரைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆசாரி சிரிக்கவில்லை.

பொன்னுரங்கத்துக்கு ஒரே மகள், செவந்தி. புருஷனோடு பினாங்குக்குக் கப்பலேறி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவள் நினைப்பு வந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

நான்கு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஓர் எக்காளம். பொன்னுரங்கமோ தான் செய்த எக்காளத்தில் வருஷத்துக்கு ஒரு குழாயாகக் கூட்டிக்கொண்டே போனார். நாலு வருஷத்தில் எட்டுக் குழாய் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் அதைக் கடற்கரைக்குத் தூக்கிப் போவார். நுனியைப் படகின்மேல் சாய்த்துவைத்துக் கிழக்கே பார்த்து ஊதுவார்.

“என்ன மாமா, கூரைக்கு மூங்கிலா?” என்று மீனவர்கள் கேலி செய்தார்கள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

ஒருநாள் பட்டறையில் குருவிடம் கேட்டார்.

“வாத்தியாரே, இன்னும் எத்தனை குழாய் சேர்த்தா பினாங்குக்குக் கேக்கும்?”

ஆசாரி எக்காளத்தை வாங்கி மடியில் கிடத்தினார். நடுவில் கூட்டியிருந்த நாலு குழாயையும் உருவி ஓரமாக வைத்தார். மீதியை மறுபடி செருகினார்.

“ஐயோ, என்ன பண்றீங்க!” பொன்னுரங்கம் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார்.

“பினாங்குல நம்ம சனங்க ஒரு அம்மன் கோயில் கட்டியிருக்காங்க, அண்ணே. எக்காளம் ஒண்ணு வேணும்னு சொல்லிவிட்டிருக்காங்க. நாளைக்குக் கப்பல்ல இது போகுது.”

“என்னோடதா? அதுவும் நாலே குழாயா?”

“கோயில் வாசல்ல நிக்கிறவளுக்கு நாலு போதும்.”

பொன்னுரங்கம் எக்காளத்தைக் கையில் வாங்கினார். பிறகு புளியும் சாம்பலும் போட்டு அதைத் தானே துலக்கினார். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார்.

மறுநாள் துறைமுகத்தில், கப்பலுக்குச் சாமான் ஏற்றும் படகுக்காரன் எக்காளத்தை வாங்கக் கை நீட்டினான். பொன்னுரங்கம் கொடுத்தார், ஆனால் பிடியை விடவில்லை. “விடுங்க பெரியவரே, நேரமாகுது” என்று அவன் இரண்டு தடவை இழுத்த பிறகுதான் விட்டார்.

கப்பல் புள்ளியாகி மறைந்தது. வழியனுப்ப வந்த ஆசாரியும் அவரும் மணலிலேயே நின்றார்கள். அன்று ஊதப் பொன்னுரங்கத்திடம் ஒன்றுமில்லை. கையை எங்கே வைப்பதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

“வாத்தியாரே, அவ அந்தக் கோயிலுக்கு வருவாளோ, மாட்டாளோ. வந்தாலும், அவ காதுல விழுந்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஆசாரி கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எட்டு வருஷமா அவளும் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பா. உங்க காதுல விழுந்துதா, அண்ணே?”