வேதாசலத்துக்கு ஒரு இலை

முதலில் தவறு செய்தவன் வேதாசலம். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் சரியாக விளங்கும்.

மாசிலாமணியின் மனைவிக்கு அண்ணன் அவன். மாசிலாமணியின் மகளுக்குக் காது குத்திய அன்று மண்டபம் நிறையக் கூட்டம். வரவேற்பு மடலை மைக்கில் வாசிக்கச் சொல்லி மாசிலாமணி கையில் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

இரண்டாவது வரியிலேயே வேதாசலம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"மாப்ள படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்துரும்."

மண்டபமே சிரித்தது. மாசிலாமணியின் மனைவியும் சிரித்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. அந்தப் பாப்பா, மதிவதனி, இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். வேதாசலம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனிப் பௌர்ணமியன்று மாசிலாமணி மகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்குப் போனார்.

மடத்தை நடத்துபவர் திலகவதி அம்மா. மாசிலாமணி அவருடைய சீடர். பௌர்ணமிதோறும் பந்தியில் பரிமாறுவது அவருக்கு வாய்த்த தொண்டு. அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா ஒருநாளும் அவரை எதையும் வாசிக்கச் சொன்னதில்லை.

அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கதான் இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் மாசிலாமணி.

"என்ன வார்த்தை?"

"டெல்லின்னு."

"இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்."

சொன்னார். மகளுக்கு அரசியல் அறிவியல் படிக்க ஆசை. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று டெல்லியில். பெரிய பெயர், விடுதி, உதவித்தொகை. மற்றது சென்னையில். வீட்டிலிருந்தே காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பலாம். இன்று மாலைக்குள் ஏதாவது ஒன்றை உறுதி செய்ய வேண்டும். அதற்கான ஓடிபி மாசிலாமணியின் செல்போனுக்குத்தான் வரும். செல்போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பைக்குப் பொத்தான் போட்டிருந்தார்.

"இவ சென்னைங்கிறா. டெல்லிக்குப் போனா அந்த வேதாசலம் வாயே தொறக்க மாட்டான். அவன் பையனே கோயம்புத்தூர் வரைக்கும்தான் போயிருக்கான்."

அம்மா தண்டிலிருந்து வந்த நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

"டெல்லியில என்ன சொல்லித் தருவாங்க?"

"அது வந்தும்மா, மந்திரிங்க எல்லாம் படிச்ச எடம். வேதாசலத்துக்கே தெரியும்."

"சென்னையில?"

"அங்க யாரு வேணா படிக்கலாம். கேட்டா, 'அவ்ளோதானா'ம்பான் வேதாசலம்."

"ரயில்ல போய்ட்டு வந்தா என்ன?"

"தெனமும் ரயில்ல இடிபட்டுப் போறவள யாரும்மா மதிப்பாங்க? ஸ்டேஷன் ரோட்டுலதான் அவன் கடை. காலையில ஒரு தடவை பாப்பான், சாயங்காலம் ஒரு தடவை பாப்பான்."

"டெல்லியில பொண்ணு எங்க தங்கும்?"

"விடுதியிலதான். வேதாசலம் வீட்டு மாடியை விடப் பெருசாம்."

மதிவதனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் அம்மா.

"ஃப்ளெக்ஸ் இருக்கும்மா," என்றாள் மதிவதனி.

மாசிலாமணி அவளை முறைத்தார்.

"என்ன ஃப்ளெக்ஸ்?"

"'டெல்லி செல்லும் எங்கள் தங்கமே'ன்னு. நேத்தே கட்டியாச்சு. மாமா வீட்டு வாசலுக்கு நேர் எதிர்ல."

"யார் படம் பெருசு?"

"அப்பா படம்."

அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாசிலாமணிக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்று அம்மா எழுந்தார்.

பந்தி உட்கார்ந்தது. மாசிலாமணி வழக்கம்போல் சாம்பார் வாளியை எடுக்கப் போனார்.

"இன்னிக்கு நீங்க உக்காருங்க," என்றார் அம்மா.

அம்மாவே இலை போட்டார். மாசிலாமணிக்கு ஒன்று. மதிவதனிக்கு ஒன்று. இருவருக்கும் நடுவில் இன்னும் ஒன்று.

"இது யாருக்கும்மா?"

"உங்களோட வந்தவருக்கு."

"நாங்க ரெண்டு பேர்தானே வந்தோம்."

"வேதாசலம் வரலையா? வந்ததுலேர்ந்து அவர் பேச்சாவே இருந்துச்சே."

வரிசை திரும்பிப் பார்த்தது. மாசிலாமணி இலையில் தண்ணீர் தெளித்தார். தெளித்த இலையிலேயே மறுபடியும் தெளித்தார்.

சோறு வந்தது. சாம்பார், தண்டுப் பொரியல், வடை, பாயசம். நடு இலைக்கு இரண்டு வடை.

"விருந்தாளியாச்சே," என்றார் அம்மா.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் சோறு மிஞ்சக் கூடாது. உடன் வந்தவர் சாப்பிடாவிட்டால் அழைத்து வந்தவர் சாப்பிட்டாக வேண்டும். பந்தி தொடங்கும் முன் அதை உரக்கச் சொல்கிறவர் மாசிலாமணிதான். போன பௌர்ணமிக்கு ஒரு கைக்குழந்தைக்காரியை, பிள்ளை அளைந்து வைத்த சோற்றை முழுக்க உண்ணும்வரை அவர் எழவிடவில்லை. அவள் இன்று எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாசிலாமணி தன் இலையை முடித்தார். மெதுவாகத்தான் முடித்தார். முடிந்துபோயிற்று.

நடு இலையிலிருந்து ஆவி பறந்தது.

"அவன் சோத்த நான் திங்கணுமா?" என்றார், மகளுக்கு மட்டும் கேட்கும்படி.

"பாதி நான் சாப்பிடறேன்பா."

"நீ எதுக்கு?"

"எனக்குப் பழக்கம்தானே."

"என்ன பழக்கம்?"

மதிவதனி நடு இலையைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொண்டாள்.

"'ஒங்க மாமன்கிட்ட சொல்லு'ம்பீங்க. போய்ச் சொல்லுவேன். 'ஒங்கப்பன்கிட்ட சொல்லு'ம்பாரு. வந்து சொல்லுவேன். அவர் சொன்னதுல பாதியை முழுங்கிட்டுதான் சொல்லுவேன். நீங்க சொன்னதுலயும் பாதியை முழுங்குவேன்."

மாசிலாமணி வேதாசலத்தின் வடையைக் கையில் எடுத்தார். சாப்பிடவும் இல்லை, வைக்கவும் இல்லை.

அம்மா ரசத்தோடு வந்தார். மதிவதனியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு ஏம்மா சென்னை?"

மாசிலாமணி நிமிர்ந்தார். இடம் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. அவர் கேட்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"அங்க ஊராட்சியைப் பத்தித் தனியா ஒரு பாடம் இருக்கும்மா. நம்ம ஊர் கிராம சபையில போய் உக்காந்து, நடக்கறதைப் பாத்து எழுதலாம். டெல்லியில இருந்துக்கிட்டு அது முடியாது."

"அவ்வளவுதானா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு ரசத்தைப் பார்த்தாள்.

"ரயில் ரெண்டு மணி நேரம் போகும்."

"அது கஷ்டமில்லையா?"

"இல்லம்மா. அந்த ரெண்டு மணி நேரம் யாரும் என்கிட்ட எதையும் சொல்லி அனுப்ப முடியாது. சன்னலோரம் எடம் கெடச்சா படிப்பேன். கெடைக்கலன்னா நின்னுக்கிட்டே படிப்பேன்."

"டெல்லி இன்னும் தூரமாச்சே. அங்க யார் சொல்லி அனுப்பப் போறாங்க?"

"டெல்லிக்குப் போனா, மாமாவுக்குச் சொல்லி அனுப்புற சேதியே நான்தாம்மா."

மாசிலாமணியின் காது மடல் எரிந்தது. மண்டபத்தில் எரிந்த அதே எரிச்சல். இன்று யாரும் சிரிக்கவில்லை. எதிர் வரிசைக்காரிகூட முந்தானையை எடுத்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்று அந்த வரவேற்பு மடலை அவர் வாசித்து முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பல தடவை எண்ணியதுண்டு. மகள் எதையெல்லாம் முழுங்கியிருப்பாள் என்று ஒரு தடவையும் எண்ணியதில்லை.

இடது கையால் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினார். ஒரு கையால் கழற்ற வரவில்லை. மதிவதனி உதவ வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவரே கழற்றினார். செல்போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே போட்டுக்கோ."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பந்தி ஓரமாக நின்றபடி செல்போனைத் தட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"போட்டுட்டேன்பா."

எது என்று அவர் கேட்கவில்லை. குனிந்து நடு இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டார். மகளைத் தொடவிடவில்லை. வடை இரண்டையும், பொரியலையும், பாயசத்தையும் அவரே முடித்தார். வயிறு முட்டியது. தலையை நிமிர்த்தாமலே முடித்தார்.

வரிசையில் மற்றவர்கள் இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். மாசிலாமணியும் எழப் பார்த்தார். ஒன்று மட்டும் அவரை எழவிடவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"நான் இவளுக்குச் செஞ்சது தப்புதான். ஒத்துக்கறேன். இன்னிக்கே போய் அந்த ஃப்ளெக்ஸையும் கழட்டிடறேன்."

"சரி."

"ஆனா அவன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா, வேணாமா? நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க."

"கேக்கணும்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டியா? அம்மாவே சொல்லிட்டாங்க," என்றார் மகளிடம்.

"அவர் கேக்கற வரைக்கும்?" என்றார் அம்மா.

"நான் விட மாட்டேம்மா."

அம்மா அடுக்களைக்குப் போனார். சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார். காலியாகக் கிடந்த நடு இலையின் முன்னால் குனிந்தார்.

"அப்ப இவருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"