புயலை அனுப்பியது யார்?

அன்று அரண்மனை மண்டபத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஸ்காட்லாந்தின் அரசர் ரானல்டு, போதகர் கில்பர்ட் மெயின், காவலன் டங்கன், கைகள் கட்டப்பட்ட மீன்காரி எஃபி. தொட்டிலிலேயே முடிசூட்டப்பட்டு, ஆசிரியரின் பிரம்புக்கும் இலத்தீன் பாடத்துக்கும் நடுவே வளர்ந்தவர் அரசர். வாதத்தில் ஓட்டை கண்டால் எவரையும் விடமாட்டார்.

அரசரை மணக்க வந்த இளவரசியின் கப்பலைப் புயல் திருப்பியடித்திருந்தது. சூனியம் செய்து அதை ஏவியவள் எஃபிதான் என்று போதகர் குற்றம் சாட்டியிருந்தார். குற்றம் உறுதியானால் அவளை உயிரோடு எரிப்பார்கள்.

"நீ ஏவவில்லை என்று நிரூபி, சூனியக்காரி! முடியாதென்றால் விறகு தயாராக இருக்கிறது" என்றார் போதகர்.

"அனுப்பியவர் யாரென்றே சொல்லிவிடுகிறேன், ஐயா. சாட்சியும் உண்டு."

"யாரடி அனுப்பியது?"

"கர்த்தர்."

"நாவை அடக்கு! யார் உன் சாட்சி?"

"நீங்கள்தாம். அரண்மனையில் ஆட்டமும் பாட்டமும் மிகுந்ததால் கர்த்தரே சினந்து இந்தப் புயலை அனுப்பினார் என்று போன ஞாயிறு பிரசங்கத்தில் முழங்கினீர்களே! ஊரே கேட்டது. அரசரும் முன்வரிசையில் இருந்தார்."

அந்தப் பிரசங்கம் ஒரு வாரமாக அரசரை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அவர் முகம் மலர்ந்தது.

"ஒரு சொல் விடாமல் கேட்டேன், போதகரே. கர்த்தரின் செயலை இன்று இவள்மீது சுமத்துகிறீரா? அல்லது சூனியக்காரியின் செயலை அன்று கர்த்தர்மீது சுமத்தினீரா?"

அரசர் காவலன் பக்கம் திரும்பினார்.

"டங்கன், இவள் கயிற்றை அவிழ்த்துவிடு."

கயிறு கீழே விழுந்தது. எஃபி மணிக்கட்டைத் தேய்த்தபடி நிம்மதியாக மூச்சு விட்டாள். போதகர் தம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.