தேன்கயிற்றை மச்சினன் பிடிப்பது ஏன்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்குத் தெரியாது. தூரத்தில் இருந்தால் உங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்தக் காலத்தில் மலைத்தேனீ மனிதனோடு பேசும். எங்கள் மலையில் ஒரு செங்குத்துப் பாறை. அதன் நெற்றியில் நாற்பது தேனடை தொங்கும். தேன் எடுக்கிறவன் கொடிக்கயிற்றில் இறங்கி, "தாயே, வந்திருக்கேன்" என்பான். "எங்க பிள்ளைங்க இருக்கிற பக்கத்தைத் தொடாதே, தேன் இருக்கிற பக்கத்தை அறுத்துக்கோ" என்று ராணி சொல்லும். பாதி அடைகளை அவன் தொடவே மாட்டான். இதை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. நாளைக்கும் பசிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

அப்புறம் கெம்பன் என்று ஒருவன் வந்தான். பாறை இறங்குவதில் அவனுக்கு ஈடு கிடையாது. அதை மறைக்க மாட்டேன். மற்றபடி அவன் பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது. மேலே கயிறு பிடித்தவன் அவன் கூடப்பிறந்த தம்பி மாசன். பானை நிறைந்தால் அவனுக்கும் பங்கு. அவன் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

"அண்ணே, இன்னும் இருக்கா?"

"இருபது இருக்குடா."

"யாருக்கு விட்டுவைக்கிறே? கரடி நக்கவா? அறுண்ணே!"

அறுத்தான். பிள்ளைகள் இருந்த பக்கத்தையும் அறுத்தான். வெள்ளைப் புழுக்கள் பாறையெல்லாம் சிதறின. ராணி அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "தொட்டிலை அறுத்தவனோடு எங்களுக்குப் பேச்சில்லை."

தேனீ மனிதனிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அந்த ரீங்காரத்தைப் பாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வாயை மூடிக்கொண்டு உறுமுகிற கோபம்.

மறு வருஷம் ஏழு அடைதான் வந்தது. ஆறை அறுத்தான். ஏழாவது கைக்கு எட்டவில்லை, அதனால் தப்பியது. மூன்றாம் வருஷம் ஒன்றே ஒன்று தொங்கியது.

காடு என்ன ஆனது? நெல்லி பூத்தது, காய்க்கவில்லை. நாவல் பூத்தது, காய்க்கவில்லை. பூவிலிருந்து பூவுக்குப் போக ஆளில்லாவிட்டால் மரம் என்ன செய்யும்? பழம் கிடைக்காத கரடி குடிசைக் கதவைப் பிறாண்டியது. ஊரிலிருந்த பதினொரு குடும்பமும் கிழங்கைத் தோண்டித் தின்றே வயிறு கழுவின. கடைசியில் மலையைவிட்டு இறங்கிவிடுவது என்று மூட்டை கட்டினார்கள்.

கெம்பன் என்ன செய்தான்? கத்தியைத் தீட்டினான்! "எப்படியும் போகப்போறோம். கடைசி அடையை எதுக்கு விடணும்?"

அவன் பெண்டாட்டி சிக்கிக்கு அப்போது ஏழு மாதம். "என் பிள்ளை எந்த மலையில நெல்லிக்காய் கடிக்கும்?" என்று கேட்டாள்.

"வாயை மூடு."

மாசன் உப்பு வாங்கக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். கயிறு பிடிக்க ஆளில்லை. சிக்கி நேராகப் போய்த் தன் தம்பி பெள்ளனைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

கெம்பன் மேலும் கீழும் பார்த்தான். "இந்தக் குச்சியா என்னைத் தாங்கும்?"

"மரம் தாங்கும் மச்சான். நான் சும்மா துணைக்கு" என்றான் பெள்ளன்.

பாறைக்கு மேலே நின்ற வேங்கை மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி மெல்ல விட்டான். கெம்பன் ஒரு கையில் தேனீயை விரட்டும் பச்சிலைப் புகைக்கட்டோடு இறங்கினான். அடைக்கு நேரே வந்து கத்தியை உருவினான்.

"மச்சான்! அந்த ஒண்ணை விட்டுட்டு வா. இழுக்கிறேன்."

"முடியாது."

"சரி, அப்போ அங்கேயே இரு."

கெம்பன் கெக்கலித்தான். "மிரட்டறியா? கயித்தை விட்டுடுவியோ? விடு பார்க்கலாம்! உன் அக்கா கழுத்துக் கருகமணித் தாலியும் இதுலதான் தொங்குது."

"தெரியும். அதனால விடமாட்டேன்." பெள்ளன் கயிற்றை மரத்தோடு மூன்று முடிச்சுப் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். "இழுக்கவும் மாட்டேன்."

உட்கார்ந்தான். மடியிலிருந்து ஒரு சுட்ட கிழங்கை எடுத்துத் தோலை உரித்தான். பாதியைத் தின்றான். மீதியைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டான்.

பாறை அங்கே வயிறு தள்ளி நிற்கும். யாராவது இழுக்காமல் ஏறிவர முடியாது.

"டேய் மச்சினா! புகை அணையப் போகுதுடா!"

"அணையட்டும். அவங்க உன்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு."

முதல் கொட்டு காதில் விழுந்தது. இரண்டாவது கண்ணிமையில்.

"ஐயோ! அடையைத் தொடலைடா! விட்டுட்டேன்! இழு!"

"இங்கேருந்து எனக்குக் கண்ணு தெரியலை மச்சான். காது நல்லாக் கேட்கும். கத்தி கீழே விழட்டும்."

கத்தி விழுந்த சத்தம் வரவில்லை. அந்த நிலைமையிலும் கத்தியை விட மனசு வரவில்லை, பாருங்கள்! எட்டாவது கொட்டுக்குப் பிறகுதான், வெகு ஆழத்தில், கல்லின்மேல் இரும்பு ணங்கென்றது.

பெள்ளன் முடிச்சை அவிழ்த்துக் குரல் கொடுத்தான். மூட்டை கட்டியவர்கள் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள்.

அந்த ஒரு அடை மூன்றாயிற்று. மூன்று ஏழாயிற்று. நாற்பதை அழிக்க ஒருவனுக்கு மூன்று வருஷம் போதுமாயிருந்தது. நாற்பது திரும்பி வந்தபோது பெள்ளனின் பேரனுக்கு மீசை நரைத்திருந்தது.

அன்று முதல்தான் எங்கள் மலையில் தேன்கயிற்றைக் கூடப்பிறந்தவன் பிடிப்பதில்லை, பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிக்கிறான். அன்று முதல்தான் மேலே ஏறிவந்தவன் கையில் தண்ணீருக்கும் முன்னால் பாதிக் கிழங்கை வைக்கிறார்கள். ஏனென்றால் அன்று கெம்பன் பூசணிக்காயாய் வீங்கிய முகத்தோடு தரையில் கிடந்தபோது, பெள்ளன் மடியை அவிழ்த்து அந்த மீதிப் பாதியை எடுத்து அவன் கையில் வைத்து, "தின்னு மச்சான். எனக்கும் பசிதான்" என்றான்.