பாவாயி போட்ட இலந்தங்கொட்டை

ஒரு ஊரு இருந்துச்சு கண்ணுகளா, காராம்பாறைன்னு பேரு, மழை வந்தாக்கூட இந்த ஊருக்குள்ள போகலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிரும், அப்பேர்ப்பட்ட ஊரு. அங்க பாவாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துப்போயிட்டான், பிள்ளையும் இல்லை, அவளுக்குன்னு இருந்ததெல்லாம் பதிமூணு வெள்ளாடும், அதுங்க மேய ஒரு துண்டுக் காடும்தான். காடுன்னதும் மரமா நிக்கும்னு நினைச்சுக்காதீங்க. வெறும் மானாவாரி மேய்ச்சல் நிலம். மழைக்கு நாலு புல்லு வரும், தை முடியறதுக்குள்ள அதுவும் கருகி, செம்மண்ணும் கல்லுந்தான் கிடக்கும்.

அதே ஊருக்கு ராக்கியண்ணன்னு ஒரு மணியக்காரன். நூறு மாடு வெச்சிருந்தான், கண்ணுக்கு எட்டின மட்டும் நிலம் வெச்சிருந்தான், அப்படியும் பாவாயியோட அந்தத் துண்டுக் காட்டு மேலதான் அவனுக்குக் கண்ணு. ஏன்னு கேக்காதீங்க. அவன் காட்டுக்கு ஒட்டினாப்ல இருந்துச்சு, அவ்வளவுதான்.

அவன் என்ன பண்ணினான், நேரா ராசாகிட்டப் போயி, "ராசா, ஆடு மாடு வாய் வைக்க ஒரு பச்சைகூட இல்லாத நிலத்தை வெச்சுக்கிட்டுச் சிலதுங்க சும்மா கிடக்குதுங்க. சித்திரை வெயில்ல எவன் காட்டுல பச்சை நிக்குதோ அவன் வெச்சுக்கட்டும், நிக்காட்டிப் புடுங்கிருங்க"ன்னு காதுல ஓதினான். ராசாவுக்கு அது நியாயமாப் பட்டுது. "சரி, இதுக்கு நாலாம் சித்திரையில நானே வந்து பாக்கறேன், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு தண்டோராப் போடச் சொல்லிட்டாரு.

பாவாயி கணக்குப் போட்டுப் பார்த்தா. காடு போச்சுன்னா ஆட்டை வித்துப்போடணும், ஆட்டை வித்தா அவ என்னத்தைத் தின்னறது? ஒரு நாள் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் பாறைச் சரிவுக்குப் போனா. அங்க ஒத்தை இலந்தை மரம், சுத்தி ஒரு பொட்டுப் பச்சை இல்லை, அது மட்டும் இலையோட நின்னுச்சு. ஆடெல்லாம் முன்னங்காலைத் தூக்கி வெச்சு, முள்ளோட முள்ளா இலையைத் தின்னுதுங்க, கீழே உதுந்த பழத்தைத் தின்னுதுங்க. பாவாயி பார்த்தா. இது நம்ம காட்டுல நின்னா ஆகாதான்னு நினைச்சா.

உடனே மடி நிறையக் கொட்டையைப் பொறுக்கிட்டு வந்து, மழை பேஞ்ச மறுநாள் காடு பூராப் போட்டா. போட்டுட்டுப் பார்த்தா, பார்த்தா, பார்த்துக்கிட்டே இருந்தா. ஒண்ணும் வரலை. அணில் கொஞ்சம் தின்னுச்சு, மீதி கல்லாட்டம் கிடந்துச்சு.

மணியக்காரன் வரப்புல நின்னு, "ஏ பாவாயி, தோப்பு எங்க?"ன்னான்.

"வருமுங்க"ன்னா பாவாயி.

அடுத்த வருசம் கொட்டையை ஏழு நாள் தண்ணியில ஊறப் போட்டு, அப்பறம் காட்டுல போட்டா. இந்தத் தடவை முளைச்சுது. முளைச்சதை அவ ஆடே கடிச்சுத் தின்னுருச்சு. சிரிக்காத, அவ அழுதுட்டா பாவம்.

"ஏ பாவாயி, தோப்பு எங்க?"

"வருமுங்க."

அப்பறம் ஒரு நாள் ஆட்டுப் பட்டியைக் கூட்டறப்ப, மூலையில புழுக்கைக்குள்ள இருந்து குச்சி குச்சியா என்னமோ எட்டிப் பாக்குது. குனிஞ்சு பார்த்தா இலந்தை. ஆடு பழத்தை அப்படியே முழுங்கிப்போட்டு, பட்டியில படுத்து அசை போடறப்பக் கொட்டையை மட்டும் துப்புமில்லையா, அந்தக் கொட்டை. ஆடு வயித்துக்குள்ள கிடந்து வந்த கொட்டைக்கு முளைக்கற ரோசம் வந்திருச்சு. பாவாயி அப்படியே உக்காந்துட்டா. "நான் ரெண்டு வருசமா மண்டையை உடைச்சுக்கறேன், உனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குது, வாயைத் தொறந்து சொன்னியா?"ன்னு ஆட்டைப் பார்த்துக் கேட்டா. ஆடு அசை போட்டுக்கிட்டே இருந்துச்சு.

ஐப்பசி மழைக்கு நாப்பது குழி எடுத்தா. குழிக்கு ரெண்டு, ஆடு துப்பின கொட்டை. மேல கை நிறையப் புழுக்கை. சுத்தி வேலாமுள்ளை வெட்டி ஆடு வாய் போகாத மாதிரி அடைச்சா. நாப்பது குழியும் முளைச்சுது. முளைச்சு, ஒரு விரல் உசரம் வந்து, அப்படியே நின்னு போச்சு. மறு வருசம் மழைக்கு இன்னும் கொஞ்சம், ஒரு சாண் வந்துச்சு. அதுக்கு மேல வளர மாட்டேன்னுருச்சு.

மணியக்காரன் வந்து பார்த்து, "இதா தோப்பு? என் செருப்பு இதைவிட உசரம்"னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

சிரிச்சவன் பங்குனி வந்ததும் தன் காட்டைத் திரும்பிப் பார்த்தான். நூறு மாடு, நூறு மாட்டுக்கும் வெளியூர் வைக்கோல், காட்டுலயோ ஒரு பச்சை இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு ராசா சொன்னது அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. பாவாயி ஆட்டை ஓட்டிக்கிட்டுப் பாறைப் பக்கம் போன ஒரு மத்தியானம், கடப்பாரையோட மூணு ஆளைக் கூட்டிட்டு அவ காட்டுக்குள்ள எறங்கிட்டான்.

ஆளுங்க தோண்டினாங்க. முழங்கால் ஆழம் தோண்டியும் வேர் முடியலை. "மணியக்காரரே, வேரு இன்னும் போகுதுங்க"ன்னாங்க.

"சாண் செடிக்கு எவ்வளவுடா வேரு இருக்கும்? வெட்டுங்கடா போதும்"னான். கடப்பாரையால நறுக்குனு வெட்டி, நாப்பதையும் கொண்டுபோய்த் தன் காட்டுல நட்டுக்கிட்டான்.

பாவாயி திரும்பி வந்தா. நாப்பது செடி இருந்த இடத்துல நாப்பது பொந்து. நான் கண்ணால பார்க்கலை, ஆனா அவ எப்படி அழுதிருப்பான்னு எனக்குத் தெரியும். யாருகிட்டப் போய்ச் சொல்லறது, மணியக்காரனே திருடினா மணியக்காரன்கிட்டயா போய்ச் சொல்லறது? அப்படியே விட்டுட்டா.

மணியக்காரன் செடிக்குப் பந்தல் போட்டான். காலையில ஒரு குடம் ஊத்தினான், உச்சியில ஒரு குடம் ஊத்தினான், பொழுது சாய ஒரு குடம் ஊத்தினான். செடி முதல்ல தலையைத் தொங்கப் போட்டுச்சு, அப்பறம் இலையை உதுத்துச்சு, அப்பறம் வெறும் குச்சியா நின்னுச்சு.

சித்திரை பொறந்துச்சு, ராசா குதிரையில வந்தாரு. முதல்ல மணியக்காரன் காடு. நாப்பது காஞ்ச குச்சி. "என்னய்யா இது?"ன்னாரு.

"ராசா, நான் கண்ணாட்டம் காப்பாத்தினேன், அந்தப் பாவாயிதான் என்னமோ சூனியம் வெச்சுட்டா"ன்னான்.

"அவ காடு எங்க இருக்குது, காட்டு"ன்னாரு ராசா. மணியக்காரன் சந்தோசமாத்தான் கூட்டிட்டுப் போனான். அங்க பொந்துதான இருக்கும்?

போய்ப் பார்த்தா, நாப்பது பொந்துக்குள்ள இருந்தும் தளதளன்னு தளிர் எழும்பி நிக்குது. வானம் வெள்ளையாக் கொதிக்குது, மண்ணு காலைச் சுடுது, ஒரு மாசமா ஒரு சொட்டு மழை இல்லை, அந்தச் சூட்டுல பால் பச்சையா நிக்குது. ஒரு ஆடு போயி முள்ளுக்கு மேல எக்கி ஒரு வாய் கடிச்சுது. ராசா குதிரையை விட்டு எறங்கிட்டாரு.

"ஏம்மா, யாரு இதுக்குத் தண்ணி ஊத்தறது?"

"யாரும் ஊத்தலைங்க சாமி."

"அப்ப எதைக் குடிச்சு நிக்குது?"

"தெரியலைங்க சாமி. நானும் ஒரு மாசமா அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கறேன்."

ராசா ஒரு பொந்தை மட்டும் வேர் அறுகாமத் தோண்டிப் பாக்கச் சொன்னாரு. ஆளுங்க பக்கத்துல ஒரு குழி வெட்டிக்கிட்டே வேரோட எறங்கினாங்க. இடுப்பு ஆழம் போனாங்க. "வேர் முடிஞ்சுதா?"ன்னாரு ராசா. "இல்லைங்க." ஆள் உசரம் போனாங்க. "முடிஞ்சுதா?" "இல்லைங்க." ரெண்டாள் உசரம் போனாங்க, மேல நிக்கறவங்களுக்கு அவங்க தலைப்பாகை மட்டும் சின்னதாத் தெரிஞ்சுது. "இப்பவாவது முடிஞ்சுதா?"

உள்ள இருந்தவன் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைஞ்சு பார்த்தான். அப்பறம் மெதுவா, "இல்லைங்க ராசா. இங்க மண்ணு கையில ஒட்டுதுங்க. ஈரம் இருக்குது"ன்னான்.

ராசா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அந்தக் குழிக்குள்ள தானே எறங்கினாரு. எறங்கி, அந்த நூல் கனத்து வேரைத் தொட்டுக்கிட்டு நின்னாரு. மேல ஒரு சாண் செடி. அது முதல்ல மேல வரலை கண்ணுகளா, கீழே போயிருக்குது. ஊரெல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்தப்ப, அது பாட்டுக்கு இருட்டுக்குள்ள தண்ணியைத் தேடிப் போய்க்கிட்டே இருந்திருக்குது. ராசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. எனக்கு இதைச் சொல்லறப்பவே சிலிர்க்குது, பாரு கையை.

மேல ஏறி வந்தப்பத்தான் வேரோட தலையில கடப்பாரை வெட்டு இருக்கறதைப் பார்த்தாரு. மணியக்காரன் காட்டுல இருந்த நாப்பது குச்சியையும் புடுங்கிட்டு வரச் சொல்லி, ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்தாரு. ஒரு குச்சி வெட்டுக்கு வெட்டு அச்சாப் பொருந்துச்சு.

"நீ கேட்ட சட்டம்தானய்யா. உன் காட்டுல பச்சை இல்லை, அது இனி ஊர் ஆடு மாடுக்கு மேய்ச்சல் காடு. அதுல இலந்தை போடறது உன் வேலை. பாவாயி பட்டியில கொட்டை பொறுக்கி, உன் கையால போட்டு, நீயே முள்ளு அடைக்கணும்"னுட்டாரு ராசா.

ராக்கியண்ணன் போட்டான். பட்டியைக் கூட்டினான், புழுக்கைக்குள்ள கையை விட்டுக் கொட்டை பொறுக்கினான், குழி எடுத்தான், முள்ளு வெட்டினான், கையெல்லாம் ரத்தம். மழை பேஞ்சு ஒரு நாள் முதல் முளை எட்டிப் பார்த்துச்சு. அவன் அதுக்கு முன்னால குப்புறப் படுத்துட்டான். ரொம்ப நேரம் எந்திரிக்கலை. பாவாயி என்னமோ ஏதோன்னு ஓடி வந்தா.

"ஏ பாவாயி, மேல ஒரு விரக்கடை வந்திருக்குது. அடியில எவ்வளவு போயிருக்கும்?"ன்னான்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"னா பாவாயி. "எந்திரிக்கறப்ப மட்டும் முளை மேல படாம கையை அந்தப் பக்கம் ஊனி எந்திரிங்க."

அவ்வளவுதான் கதை. கண்ணுக்குத் தெரியறது மட்டுந்தான் செடின்னு நினைச்சவன் கெட்டான், தெரியாததுக்கும் சேர்த்துக் காத்திருந்தவ பொழைச்சா. கதை கேட்ட காதுக்கு இலந்தம்பழம், கேக்காமத் தூங்கினவனுக்குக் கொட்டை.