இரண்டு கால் தாங்கி

மூன்றாவது தடவையாகப் பித்தளைக் கால் துள்ளி மேசையில் விழுந்தது. திருமூர்த்தி குறடைத் தூக்கி வீசப் போனார். எதிரே யசோதா இருந்ததால் மெதுவாக வைத்தார். அவர் கணக்கில் அது மெதுவாக. மேசை ஆடி, டப்பாவிலிருந்த திருகாணிகள் சிதறின.

"எனக்கும் இந்தப் பித்தளைக்கும் ஜாதகம் பொருந்தல அம்மிணி."

யசோதா குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் குளத்தில் ரிமோட் படகு விடுகிற கூட்டம் ஒன்று கோயம்புத்தூரில் உண்டு. அந்தப் படகுகளின் அடியில் வருகிற பித்தளைச் சாமான் எல்லாம் அவள் கையால்தான் ஆகும். குளக்கரையில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்பார்கள். திருமூர்த்தி ஒருவர்தான் அம்மிணி என்பார். அறுபத்திரண்டு வயதில் அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் அவர். நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றார். கையும் காலும் இன்னும் பெறவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் வாசல் வரை போய்த் திரும்புவார்.

அவர் செய்துகொண்டிருந்தது பேரனுக்கு ஒரு படகு. படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டு ஒரு சின்னக் குழாய்க்குள் ஓடும். அந்தக் குழாயை இரண்டு பித்தளைக் கால்கள் தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இடது கால் முதல் தடவையிலேயே கல்லுப் போலப் பிடித்துவிட்டது. வலது கால்தான் படுத்தியது. இடது கால் உருகாமலிருக்க ஈரத்துணி சுற்றுவார், வலது காலைக் குறடால் அழுத்திக் குழாயோடு சேர்த்துப் பிடிப்பார், சூடு காட்டுவார், ஈயம் ஓடும், ஆறும். குறடை எடுத்த மறுநிமிஷம் கால் விட்டுக்கொண்டு துள்ளும்.

போன் அடித்தது. மூத்த மகன்.

"சொல்லு சாமி... ஆமா, ஞாயித்துக்கெழம காலையில ஆறரைக்கு முகூர்த்தம்... தம்பியா? அவனெங்க வர்றான்! நீதான் மடியில வெச்சுக்கற. ஒண்ணும் யோசிக்காத."

போனை வைத்தவர் யசோதாவின் பக்கம் பார்க்காமலே வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே அவரைக் குடைந்தது.

"பேரனுக்குக் காது குத்தற விசேஷம் அம்மிணி. ரெண்டு மாமனும் சேந்து உக்காந்து மடியில வெச்சாத்தான் குத்துவேன், இல்லாட்டி விசேஷமே வேண்டாம்ங்கறா எம்பொண்ணு. அவனுக ரெண்டு பேரும் பேசி நாலு வருஷமாச்சு. கல்யாண மண்டபத்துல, அத்தனை சனத்துக்கு முன்னால, பெரியவன் சின்னவன் மேல கை வெச்சுட்டான்."

"ம்."

"பெரியவனைச் சரிக்கட்டிட்டேன். தம்பி வர்லீன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டான். சின்னவன்தான் பிடி குடுக்க மாட்டேங்கறான். மூணு தடவை கூப்புட்டாச்சு. 'அண்ணனுக்கு மடியக் குடுத்துட்டு என்னை எதுக்குக் கூப்புடறீங்க, பந்திக்கா?'ங்கறான். இன்னைக்கு வியாழன். நாளைக்கு நேர்ல போயி, கையில கால்ல விழுந்தாவது இழுத்துட்டு வந்துருவேன். கோயில்ல நேருக்கு நேர் பாத்துட்டா அப்புறம் என்ன பண்ணிருவானுக?"

என்ன பண்ணுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னால் பார்த்திருக்கிறார்.

யசோதா விழுந்து கிடந்த காலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரி, இதுக்கு வழி சொல்லு அம்மிணி. எங்க தப்புப் பண்றேன்? ஈயம் பத்தலையா? சூடு பத்தலையா?"

"ரெண்டும் சரியாத்தானுங்ணா இருக்குது."

"பின்ன?"

"இடது காலை எப்படி ஒட்டுனீங்க?"

"அதுல என்ன? குழாயோட வெச்சேன், ஒட்டுனேன். அம்சமா நின்னுச்சு."

"அப்ப வலது கால் எங்க இருந்துச்சுங்?"

திருமூர்த்தி யோசித்தார். "டப்பாவுல."

அவள் காஸ் டார்ச்சைப் பற்றவைத்தாள். இடது காலைச் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்தாள். அவருக்குப் புரிவதற்குள் நீலச் சுடர் அந்தக் காலின் மேல் விழுந்தது. ஈயம் பளபளத்தது, நழுவியது. கால் டக்கென்று மேசையில் விழுந்தது.

"அய்யோ அம்மிணி!" திருமூர்த்தி நிஜமாகவே கத்திவிட்டார். "ஒண்ணாவது நின்னுச்சே! அதையும் எடுத்துட்டியே!"

"அதுதாங்ணா இன்னொண்ண நிக்க விடல."

அவள் இரண்டு கால்களையும் உப்புத்தாளால் தேய்த்து மஞ்சளாக்கினாள். ஒரு மரக்கட்டையில் குழாயை வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு கால்களைச் சாய்த்தாள். ஒன்று கொஞ்சம் நகர்ந்ததும் மற்றதையும் கொஞ்சம் நகர்த்தினாள். குறடு எடுக்கவில்லை, அழுத்தவில்லை. இரண்டும் தானாகக் குழாயைத் தொட்டு நின்ற இடத்தில் மெல்லிய கம்பியால் லேசாகச் சுற்றினாள்.

"தொட்டுப் பாருங்க. எது எதை இழுக்குது?"

அவர் நகத்தால் தட்டினார். "ஒண்ணும் இழுக்கல."

"முன்னால நீங்க ஒண்ண நட்டுட்டீங்க. அது கோணலா, நேரான்னு இன்னொண்ணுகிட்ட கேக்கல. அப்புறம் இதைப் புடிச்சு வளைச்சு அதுக்குக் கொண்டு போறீங்க. குறடு இருக்கற வரைக்கும் நிக்கும்."

திருமூர்த்தி கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் எழுந்து வாசலுக்குப் போயிருப்பார்.

"நீ காலைப் பத்தித்தான சொல்ற?"

"காலைப் பத்தித்தானுங்ணா சொல்றேன்."

அவள் டார்ச்சை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை எடுக்கவில்லை. சட்டைப் பையைத் தடவி போனை எடுத்தார். மூத்தவனின் எண் முதலில் இருந்தது. அவனிடம் சொன்ன பொய்யை அவனிடமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். 'தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன், மடி ரெண்டு பேருக்கும்தான்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன், 'அப்ப நான் வரல' என்பான். அதே பேச்சைச் சின்னவனிடமும் பேச வேண்டும். கையில் இருந்த ஒரே ஒரு 'சரி'யும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். மகளின் முகம் நினைவுக்கு வர, அவருக்குக் கண் கலங்கியது.

எண்ணை அழுத்திவிட்டார். மறுமுனையில் மணி போகத் தொடங்கியது. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவசரமாகத் திரும்பினார்.

"அம்மிணி, ரெண்டும் போயிருச்சுன்னா?"

யசோதா கம்பியின் முனையைக் கத்தரித்தாள்.

"உருகிப் போறது ஈயந்தானுங்ணா. பித்தளை எங்கயும் போகாது."